இந்தப் பக்கம் குங்குமம், அந்தப் பக்கம் மஞ்சள்

கடையை விட்டு நின்று ஒரு வருடம் ஆகப் போகிறது. இன்னும் காலையில் நான் பல் துலக்கி முடிப்பதற்குள் யாராவது கைப்பேசிக்குப் படம் அனுப்பிவிடுகிறார்கள். மரம் அறுக்கும் மிஷினின் படம். கூடவே ஒரு குரல் பதிவு: "அண்ணாத்தே, இதுக்கு இன்னா செயின் போடணும்?" படத்தில் மிஷின் ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கும். முக்கால்வாசி இடத்தை அனுப்பியவரின் கட்டைவிரல் பிடித்திருக்கும். கட்டைவிரலுக்கு அளவு கேட்டால்கூடக் கண்பார்வையில் சொல்லிவிடுவேன். செயினுக்கு எப்படிச் சொல்வது?

போன வாரம் கடையில் இப்போது வேலை பார்ப்பவர்களே கேட்டார்கள். ஜனங்கள் ஆன்லைனில் பார்த்து வாங்கிவிட்டு, பொருந்தாமல் போனதும் கடைக்கு வந்து சண்டை போடுகிறார்களாம். "நீ இத்தினி வருசம் கவுண்டர்ல நின்னியே, எப்டி சமாளிச்சேன்னு எய்தி அனுப்பு" என்றார்கள். சமாளித்தேன் என்று யார் சொன்னது? பயந்தேன். பயம் வெளியே தெரியாமல் இருக்க ஜோக் அடித்தேன். பார்த்தவர்களுக்கு அது அனுபவம் மாதிரித் தெரிந்திருக்கிறது.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மிஷினிலிருந்து நாக்கு மாதிரி நீண்டிருக்கிறதே இரும்புப் பட்டை, அதுதான் பார். அதன் விளிம்பைச் சுற்றி ஓடும் பல் வைத்த சங்கிலி, செயின். பாரின் விளிம்பில் ஒரு பள்ளம் ஓடும். அந்தப் பள்ளத்துக்கு இரண்டு பக்கமும் தண்டவாளம் மாதிரி இரண்டு கரை. செயினின் அடிப்பல் பள்ளத்துக்குள் இறங்கி ஓடும், மேல்பல் மரத்தைக் கடிக்கும். இவ்வளவுதான் விஷயம். இவ்வளவு விஷயத்தில் ஒரு மனிதன் இருபது வருடத்துக்கு மேல் குழம்ப முடியும் என்பதற்கு நானே அத்தாட்சி.

பூந்தமல்லியில் அந்தக் கடைக்குப் போவதற்கு முன்னால் நான் சைக்கிள் கடையில் இருந்தேன். அதுவும் செயின், இதுவும் செயின், ஒரே குடும்பம்தானே என்று துணிச்சலாகச் சேர்ந்துவிட்டேன். முதல் வருடம் முழுக்க மூன்று எண்கள் என்னைத் தூங்க விடவில்லை. கண்ணிக்குக் கண்ணி எவ்வளவு இடைவெளி, அடிப்பல் எவ்வளவு தடிமன், மொத்தம் எத்தனை அடிப்பல். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் செயின். இடைவெளி தெரிய, கண்ணிகளைக் கோக்கும் ரிவிட்டில் மூன்றுக்கு அளந்து பாதியாக்க வேண்டும். நான் பாதியாக்க மறந்து, யானைக்குப் போடுகிற சைஸில் செயின் கேட்டு மொத்த வியாபாரிக்குப் போன் போட்டிருக்கிறேன். அடிப்பல் எண்ணுவது இன்னும் கொடுமை. வட்டமான சாமானில் எங்கே ஆரம்பித்தேன் என்பதை எண்ணி முடிப்பதற்குள் மறந்துவிடுவேன். இரண்டாவது சுற்றும் போய்க்கொண்டிருப்பேன்.

ஒருமுறை வாடிக்கையாளர் முன்னால் புதுச் செயினை மாட்டி, பழைய கட்டை ஒன்றில் வைத்து அழுத்திக் காட்டினேன். வெட்டவில்லை. இன்னும் அழுத்தினேன். புகை வந்தது. "இன்னா நைனா, மரத்துக்கு சாம்பிராணி போட்றியா?" என்றார் அவர். செயினைத் தலைகீழாக மாட்டியிருக்கிறேன். மேல் விளிம்பில் இருக்கிற பல் பாரின் மூக்கைப் பார்த்து ஓட வேண்டும். என்னுடையது வீட்டுக்குத் திரும்புகிற மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று என்னைத் திட்டாமல் இருந்தவர் முதலாளியம்மா. பெயர் விஜயா. கணவர் லாரி உதிரிபாகம் விற்றுக்கொண்டிருந்த கடையை மரம் அறுக்கும் மிஷின் பக்கம் திருப்பியதே இந்த அம்மாதான். குரல் உயராது. மூக்கின் நுனியில் ஒரு கண்ணாடி, நெற்றிமேல் இன்னொரு கண்ணாடி. எதில் பார்க்கிறார் என்று கடைசி வரைக்கும் எனக்குத் தெரியாது. புகையை விசிறிவிட்டு, ஏழுமலை என்கிற என் பெயரைச் சுருக்கி, "ஏயுமல, கயட்டி திருப்பி மாட்டு. கட்டை ஒண்ணும் ஓடிப் பூடாது" என்றார். அவ்வளவுதான்.

அந்த அம்மாவிடம் ஒரு பழக்கம். யார் வந்து என்ன கேட்டாலும் முதல் கேள்வி, "பழசு எங்க?" பழைய செயினைக் காட்டாமல் புதுசு கிடையாது. மேஜையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, செயினை அதன்மேல் இழுத்து, பல் பல்லாகப் பார்ப்பார். வலது பக்கத்துப் பற்கள் தேய்ந்து இடது பக்கத்துப் பற்கள் நீளமாக இருந்தால், "நீ சோத்துக்கை ஆளு. பல்லு தீட்டுறப்ப அரத்தால ஒரு பக்கம் அயுத்தி ராவுற" என்பார். வந்தவர் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வார்.

பாராக இருந்தால் வேறு மாதிரி. இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடு உடைந்த துண்டால் பள்ளத்திலிருக்கும் அழுக்கைச் சுரண்டுவார். எண்ணெய் வருகிற துளையைக் குண்டூசியால் குத்துவார். அப்புறம் பாரைக் கண்ணாடி மேஜையில் விளிம்பால் நிற்க வைப்பார். கையை எடுத்ததும் நின்றால் கரை இரண்டும் சமம். சாய்ந்தால் ஒரு கரை தேய்ந்துவிட்டது, வெட்டு கோணும். மாட்டுகிற ஒவ்வொரு முறையும் பாரைக் கீழ்மேலாகத் திருப்பிப் போட வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்வார். மரம் அறுக்கும்போது பாரம் கீழ் விளிம்பில்தான் விழுகிறது. திருப்பவில்லை என்றால் மேல் விளிம்பு புதுசாகவே இருக்கும், கீழ் விளிம்பு கரைந்துகொண்டே போகும். எல்லோரும் தலையாட்டுவார்கள். பாதிப் பேர்தான் செய்வார்கள்.

டில்லி அந்த மீதிப் பாதியில் ஒருவன். மண்ணூர்பேட்டைக்காரன். நாற்பது வயதுக்குள் இருக்கும். அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் பட்ட மரம், சாய்ந்த மரம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவான். நன்றாக வேலை செய்கிறவன். ஒரு நாள் செயினைத் தினத்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தான்.

"அண்ணாத்தே, வெட்டு வாயப்பயம் மாரி வளைஞ்சிகினு போவுது."

நான் முதலாளியம்மா மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு செயினை இழுத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்துப் பல் லேசாகத் தேய்ந்த மாதிரி இருந்தது. "நீ சோத்துக்கை ஆளு" என்றேன். "இல்ல, பீச்சாங்கை" என்றான். கொஞ்சம் குழம்பினேன். ஆனாலும் புதுச் செயின் கொடுத்து அனுப்பினேன். அடுத்த வாரம் மறுபடியும் வந்தான். புதுச் செயினும் கோணுகிறது. மாற்றிக் கொடுத்தேன். அதுவும் கோணியது. இந்தத் தடவை ஒரு வீட்டின் காம்பவுண்டுச் சுவர் போய்விட்டது. மரம் அவன் நினைத்த இடத்தில் விழவில்லை. தலைக்குப் பக்கத்தில் ஒரு கிளை போனதாம்.

"பாரு எங்க?" என்று முதலாளியம்மா உள்ளிருந்து கேட்டார்.

"மிஷின்லயே கீதும்மா. ஊட்ல கீது."

"அதைக் கொண்டாந்து காட்டு" என்றார். டில்லி தலையாட்டினான். கொண்டுவரவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு வேறு குழப்பம். இரண்டு புதுச் செயின், இரண்டும் எப்படிக் கோணும்? ஒருவேளை உருளையாக வரும் செயினை அளவுக்கு வெட்டி ரிவிட் அடிக்கும்போது நான்தான் எதையோ தப்பாகச் செய்கிறேனா? சாப்பாட்டில் கை வைத்தால் டில்லியின் தலைக்குப் பக்கத்தில் போன கிளை ஞாபகம் வரும். "இன்னாய்யா, சோறு எறங்கலயா?" என்பார் முதலாளியம்மா. "செயினு எறங்கலம்மா" என்பேன். சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

மழைக்காலம் தொடங்கும் நேரம். ஒரு நாள் மத்தியானம் போன் வந்தது.

"அண்ணாத்தே, குமணன்சாவடில கீறேன். பட்ட வேப்பமரம். பாதி வெட்டிட்டேன். மறுபடி கோணிக்கினு பூட்ச்சு. காத்து வேற கெளம்புது. இப்டியே உட்டும் போவ முடியாது, மேல வெட்டவும் பயமா கீது."

டில்லியே பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் நான் என்ன ஆவேன்? கையில் கிடைத்த மூன்று பாரையும், ஆணியில் தொங்கிய செயின்களையும் பைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன். "யோவ், அவன் மிஷின் எதுன்னு பாத்து எடுத்தியா?" என்று முதலாளியம்மா கேட்டது காதில் விழுந்தது. பதில் சொன்னால் நேரம் போய்விடும் என்று பதில் சொல்லவில்லை. மெட்ரோவுக்காகத் தோண்டி வைத்த இடத்தில் வண்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிற மாதிரி நின்றன. செம்பரம்பாக்கம் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நான் ஹாரனை விடாமல் அடித்தேன். முன்னால் நின்ற ஆட்டோக்காரர் திரும்பி, "இன்னா மாமே, ஆம்புலன்ஸா?" என்றார். "ஆமா" என்றேன். பையிலிருந்து தொங்கிய செயினைப் பார்த்துவிட்டு அவர் ஒதுங்கிக்கொண்டார். என்ன நினைத்தாரோ தெரியவில்லை.

மரம் ஒரு வீட்டுக்கும் காலி மனைக்கும் நடுவில் நின்றது. கிளையெல்லாம் கழித்தாகிவிட்டது, அடிமரம் மட்டும் இரண்டு மாடி உயரத்துக்கு. காலி மனையில்தான் விழ வேண்டும். அந்தப் பக்கம் இழுக்கக் கயிறு கட்டி, டில்லியின் மச்சினன் பிடித்துக்கொண்டிருந்தான். மனைப் பக்கம் வாய் மாதிரி வெட்டியாகிவிட்டது. பின்பக்கத்திலிருந்து நேராக வந்து சேர வேண்டிய வெட்டு, கீழே சரிந்து கோணலாகப் போயிருந்தது. அதனால் வெட்டாமல் விட்ட கட்டை ஒரு ஓரம் பருத்தும் மறு ஓரம் மெலிந்தும் இருந்தது. இதற்குமேல் வெட்டினால் பருத்த ஓரம்தான் மரத்தைத் தன் பக்கம் இழுக்கும். அந்தப் பக்கம்தான் வீடு. ஓட்டை ஒடிசல் ஷீட்டு போட்ட வீடு.

வீட்டுக்கார அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்து குடியேறியவர். டிவி, சிலிண்டர், மிக்சி, சாமி படம், குத்துவிளக்கு, குங்குமச் சிமிழ் என்று எல்லாவற்றையும் தெருவுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு நடுவில் நின்றிருந்தார். "அண்ணாச்சி, அது இந்தப் பக்கம் சாஞ்சிராதுல்லா?" என்று என்னிடம் கேட்டார். நான்தான் பெரிய இன்ஜினியர் என்று நினைத்துவிட்டார். "சாயாதும்மா" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி கேட்டது.

பையைக் கொட்டினேன். மூன்று பாரையும் டில்லி மாட்டிப் பார்த்தான். ஒன்று நீளம். மற்ற இரண்டிலும் வால் பக்கத்து ஓட்டை மிஷினின் போல்ட்டில் உட்காரவே இல்லை. மூன்று பாரும் வேறு வேறு கம்பெனி மிஷினுக்கு. டில்லி என்னை ஒரு பார்வை பார்த்தான். "இது இன்னா அண்ணாத்தே, கண்காட்சி வைக்கிறதுக்கு எடுத்தாந்தியா?"

முதலாளியம்மாவுக்குப் போன் போட்டேன். ஒரே கேள்வி: "அவன் பாரைப் பாத்தியா?"

அப்போதுதான் பார்த்தேன். டில்லி கழற்றிக் கையில் வைத்திருந்த பாரில் சிவப்புப் பெயின்டில் அழகான எழுத்து: அங்காளம்மா துணை.

"நிக்க வச்சுப் பாரு" என்றார் முதலாளியம்மா.

கண்ணாடி மேஜைக்கு எங்கே போவது? தெரு முழுக்க ஜல்லி. சமமான இடம் வேண்டும், சமமான இடம் வேண்டும் என்று சுற்றிப் பார்த்தேன். திறந்திருந்த வீட்டுக்குள் கடப்பாக்கல் போட்ட சமையல் மேடை தெரிந்தது. ஓடினேன். மேல் விளிம்பு கீழே இருக்கும்படி பாரை மேடையில் நிறுத்திக் கையை எடுத்தேன். வாசலில் நிற்கும் காவல்காரர் மாதிரி நின்றது. திருப்பி, கீழ் விளிம்பால் நிறுத்தினேன். கை எடுத்ததும் உப்பு ஜாடிமேல் சாய்ந்தது. மறுபடி நிறுத்தினேன், மறுபடி அதே பக்கம் சாய்ந்தது. உள்கரை முழுக்கத் தேய்ந்திருந்தது. வருடக் கணக்கில் திருப்பாத பார்! செயின் அதில் சாய்ந்தபடியே ஓடியிருக்கிறது. புதுச் செயின் போட்டால் அது எங்கே நேராகும்?

சந்தோஷத்தில், "கண்டுபுடிச்சிட்டேன்!" என்று கத்தினேன்.

வெளியிலிருந்து அந்த அம்மாவும் கத்தினார். "அண்ணாச்சி! மரம் விழப்போற வீட்டுக்குள்ள நின்னுகிட்டு என்னத்தக் கண்டுபிடிச்சிய? வெளிய வாங்க!"

நான் எங்கே நிற்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எப்படி வெளியே வந்தேன் என்பது தெரியாது. கையில் பாரோடு உப்பு ஜாடியும் இருந்தது.

"டில்லி, திருப்பி மாட்டு. மேல் வெளிம்பு புச்சு மாரி கீது. அது கீய வந்துட்டா நேரா வெட்டும்" என்றேன்.

டில்லி பாரை வாங்கவில்லை. "திருப்புனா அம்மா தலைகீயா நிப்பா."

"இன்னாது?"

"பேரு தலைகீயாப் பூடும்ல? அதான் நான் திருப்புறதே இல்ல. நீங்க திருப்பிப் பாப்பீங்கன்னு உங்க கடை மேஜைலயும் கெடத்தல. மரம் பாதில நிக்குது, நான் அதுக்கு அடில நிக்கணும். இந்த நேரத்துல அம்மாவைத் தலைகீயா நிக்க வைக்கச் சொல்றியா?"

அவன் சொன்னது தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் நானும் அந்த நேரத்தில் அங்காளம்மாவைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். காற்று அடித்தது. மரத்துக்குள்ளிருந்து கிர்ரென்று ஒரு சத்தம். மச்சினன் கயிற்றை இறுக்கினான். போன் இன்னும் என் சட்டைப் பையில் பேசிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"டில்லி, அந்தப் பேரை யார் எய்துனது?" முதலாளியம்மாவின் குரல் கடையில் கேட்கிற அதே குரல்.

"என் பொண்டாட்டிம்மா."

"அப்ப அவளைக் கேளு. என்னைக் கேக்காத, ஏயுமலையைக் கேக்காத."

டில்லி மனைவிக்குப் போன் போட்டான். அவன் பாதி சொல்லும்போதே அந்தப் பெண் போட்ட சத்தம் ஸ்பீக்கர் இல்லாமலே தெருவுக்குக் கேட்டது. "யோவ்! உன்னை அம்மா காப்பாத்தட்டும்னுதான்யா எய்துனேன். உன் தலைல மரம் உய்ந்துட்டு பேரு மட்டும் நேரா நின்னுகினு கீணுமா? நானே சொல்றேன், தொடைச்சுப் போடு. அம்மா கோச்சிக்கினா எங்கிட்ட வரச் சொல்லு, நான் பேசிக்கிறேன்."

டில்லி பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தான். கடைசி எழுத்து போகும்போது கை கொஞ்சம் நின்றது. துடைத்த பார் வெறும் இரும்பாக இருந்தது. அதைப் பார்க்க எனக்கே என்னவோ போல இருந்தது. வீட்டுக்கார அம்மா தெருவில் வைத்திருந்த சாமான்களுக்கு நடுவில் குனிந்து குங்குமச் சிமிழை எடுத்தார்.

"ஒரு பொட்டு வச்சுக்கிடுங்க. பொட்டுக்கு ஏது தலையும் காலும்? எப்படித் திருப்புனாலும் பொட்டுதானே."

அவரே வைத்தார். டில்லி பாரைத் திருப்பி மாட்டினான். செயினை நான் மாட்டுகிறேன் என்றேன். "நீ வாணா அண்ணாத்தே, நீ உப்பு ஜாடியைப் புடிச்சிகினு கெட" என்றான். மூக்குப் பக்கம் விரலால் இழுத்துப் பார்த்து இறுக்கம் சரி செய்துகொண்டான். கோணிய வெட்டுக்கு ஒரு சாண் மேலே புதிதாக ஆரம்பித்தான்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பொய் சொல்வானேன், ஒரு கண்ணைத்தான் மூடினேன். இன்னொன்று வெட்டு வாயிலேயே இருந்தது. கீழே சரிகிறதா, சரிகிறதா என்று பார்த்தேன். சரியவில்லை. நூல் பிடித்த மாதிரி உள்ளே போனது. டில்லி மிஷினை எடுத்துவிட்டு ஆப்பு வைத்து அடித்தான். மச்சினன் இழுத்தான். மரம் ஒரு நிமிடம் யோசித்த மாதிரி நின்றது. அப்புறம் காலி மனையில் போய்ப் படுத்தது. தரை அதிர்ந்தது. வீட்டின் ஒரு ஷீட்டுகூட அசையவில்லை. முதல் மழைத்துளி என் மண்டையில் விழுந்தபோது, மரம்தான் என்று நினைத்துத் துள்ளினேன். எல்லோரும் பார்த்தார்கள். "டான்ஸும் வருமா அண்ணாச்சி?" என்றார் அந்த அம்மா. உப்பு ஜாடியைத் திருப்பிக் கொடுத்தேன்.

மறுநாள் டில்லி முதல்முறையாகப் பாரைக் கடை மேஜையில் கிடத்தினான். முதலாளியம்மா தேய்ந்த கரையை அரத்தால் சமப்படுத்தினார். துணியால் துடைத்தார். சாமி படத்துக்கு முன்னால் இருந்த கிண்ணங்களை எடுத்து, பாரின் ஒரு முகத்தில் குங்குமம் வைத்தார், மறு முகத்தில் மஞ்சள் வைத்தார். "இன்னிக்குக் குங்குமம் வெளிய தெரியும். அடுத்த வாட்டி கயட்டுனா மஞ்ச வெளிய தெரியணும். அவ்ளோதான்."

அதற்கப்புறம் எங்கள் கடையிலிருந்து பொட்டில்லாமல் ஒரு பாரும் வெளியே போனதில்லை. நாளடைவில் குங்குமம் அழிகிறதென்று பெயின்ட்டாகிவிட்டது. வருகிறவர்கள் பக்தி என்று நினைத்து அவர்களும் மறக்காமல் திருப்பினார்கள். கோணுகிறது என்று வருகிற ஆட்கள் குறைந்துபோனார்கள். அன்று மரத்தை நேராக விழ வைத்தது தேயாத கரையா, குங்குமமா, டில்லியின் மனைவி போட்ட சத்தமா என்று கேட்டால், எனக்கு இன்றும் குழப்பம்தான். முதலாளியம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். நெற்றிமேல் இருந்த கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்துவிட்டு, "மூணும் இல்லாம வெட்டிப் பாக்கறியா?" என்றார். வேண்டாம் என்றேன்.

இன்று காலையிலும் பல் துலக்கும்போது ஒரு படம் வந்தது. டில்லி. மிஷினைத் தோளில் வைத்துக்கொண்டு சிரிக்கிறான். பாரில் மஞ்சள் பொட்டு வெளியே தெரிகிறது. "திருப்பிட்டேன் அண்ணாத்தே" என்று குரல் பதிவு. நல்லது என்று நினைத்துக்கொண்டே படத்தைப் பெரிதாக்கினேன். செயின் தலைகீழ்! மேல் விளிம்புப் பல் மூக்கைப் பார்க்காமல் அவனைப் பார்க்கிறது. வாய் நிறைய நுரையோடு போன் போட்டேன்.

"டில்லி! மரத்துல ஏறாத! செயினு தலைகீயா கீது!"

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கவே இல்லை. "அண்ணாத்தே, ஏன் இப்டிப் பதர்ற? மிஷினைத் தோள்ல கவுத்துல்ல வச்சிகினு கீறேன். நீ மேல் வெளிம்புன்னு பாக்குறது கீய் வெளிம்பு. மேல இருக்கவேண்டிய கைப்பிடியைப் பாரு, கீய கீது. செயினு சரியாத்தான் கீது."

படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கைப்பிடி கீழே இருந்தது. மிஷின்மேல் இருந்த கம்பெனிப் பெயர் தலைகீழாக நின்றது. பல்லும் தலைகீழாகத்தான் இருந்தது. பொட்டு மட்டும் பொட்டாகவே இருந்தது.